விட்டாச்சா

தீபாவளிக்கு மறுநாள்.
ராயக்கோட்டை மண்டியில் பாதிக் கடைக்கு ஷட்டர் இறங்கியிருந்தது.
சரவெடிக் காகிதம் மழையில் ஊறித்
தக்காளித் தோலோடு தோலாய்க் கிடந்தது.
எது எதுவென்று செருப்புக்குத் தெரியவில்லை.

பாலக்காட்டு லாரியில்
முந்நூற்றிருபது பெட்டி ஏற்றி முடித்தாயிற்று.
எல்லாம் செங்காய்.
வாளையாறு தாண்டிய பிறகு சிவந்தால் போதுமென்று
நான்தான் பொறுக்கிப் போட்டேன்.
தார்ப்பாய் இழுத்துக் கயிறும் கட்டியாயிற்று.
திம்மராயன் மட்டும் ஏற மாட்டேன் என்றார்.

"புடிக்கிற நேரத்துல சாவி போட மாட்டேன் ருத்ரம்மா.
விடட்டும், போறேன்."

மண்டிக்காரர் போனில் கத்தினார்.
டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டுப் போயிருந்தார்.
பசியில் எனக்குக் காது அடைத்தது.
காய் மட்டும் யாரையும் கேட்கவில்லை.
பெட்டிக்குள் இருட்டில்
அதன் வேலையை அது பார்த்துக்கொண்டிருந்தது.

ஐந்தேகாலுக்குப் பட்டறையிலிருந்து கலீல் வந்தான்,
வெல்டிங் முகமூடியிலிருந்து கழற்றிய கண்ணாடியோடு.
"பதினாலாம் நம்பர். தைரியமாப் பாருங்க."
கண்ணில் வைத்தேன்.
மலை இல்லை.
லாரி இல்லை.
பிடித்திருந்த என் கை இல்லை.
மண்டிக்காரரின் குரல் மட்டும் இருந்தது.
அப்புறம், கீழே, வெகு கீழே,
கெலமங்கலம் ரோட்டுப் புளியமரங்கள் இருக்கவேண்டிய இடத்துக்குச் சற்று மேலே
பச்சையாய் ஒரு காய்.

சிரித்துவிட்டேன்.
ஒன்பது வருஷமாய்த் தரம் பிரிக்கிற கண் வேறெப்படிப் பார்க்கும்?
வலப்பக்கம், அடியில்,
நகத்தால் கிள்ளியதுபோல் ஒரு துண்டு இல்லை.
புழு இல்லை, அழுகல் இல்லை, சுத்தமான வெட்டு.
ஆனாலும் முதல் ரகத்தில் சேர்க்க முடியாது.

கண்ணாடி கை மாறியது.
சுமை தூக்குகிற பைரப்பா பார்த்துவிட்டு
"இவ்ளோதானா?" என்றார்.
பார்த்த பிறகும் கொடுக்காமல் வைத்திருந்தார்.
திம்மராயன் வாங்கவே இல்லை.
முதுகைக் காட்டிக்கொண்டு
டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்,
காற்று சரியாக இருந்த டயரை.

கிள்ளல் கொஞ்சம் கொஞ்சமாய் அகன்றது.
காயும் இறங்கிக்கொண்டே வந்தது.
ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில்
குன்றின் தோளைத் தொட்டது.
குறைப்பட்ட பக்கம் அடியில் இருந்ததால்
அதுதான் முதலில் புதைந்தது.
மிச்சம் நின்றது
முழுசைப் போலவே இருந்தது.
பிறகு அதுவும் போயிற்று.

"விட்டுடுச்சா?"

யாரும் வாய் திறக்கவில்லை.
விடவில்லை. விடாமலே இறங்கிவிட்டது.
நாளைக் காலையில் முழுசாய்ப் பார்த்துவிட்டுத்தான் வண்டியெடுப்பேன்
என்று இவர் உட்கார்ந்தால்
முந்நூற்றிருபது பெட்டியும் ராயக்கோட்டையிலேயே சிவக்கும்.

கலீல் போனை எடுத்தான்.
மஸ்கட்டில் அவன் அண்ணன் சாதிக்.
அங்கே இன்னும் வெயில் அடிக்கிறதாம்.
"வெளிய வாண்ணே. முகமூடியோட வா."
ஸ்பீக்கரில் கிரைண்டர் சத்தம், காற்று,
யாரோ யாரையோ மலையாளத்தில் திட்டுவது.
"ஓரத்துல இன்னும் இருக்குடா."

திம்மராயன் டயரை விட்டு வந்தார்.
முகம் தெரியாத ஒருவனிடம்
போனுக்குக் குனிந்து கேட்டார்:
"நல்லாப் பாத்துச் சொல்லு தம்பி. லோடு நிக்குது."

காத்திருந்தோம்.
மண்டி விளக்கில் ஈசல் மொய்த்தது.
ஐந்து பேரும் ஒரு போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம்,
அதில் பார்க்க ஒன்றுமில்லை.

ஆறு இருபத்தெட்டு.
"விட்டாச்சுண்ணே. முழுசா இருக்கு."

திம்மராயன் கேன் தண்ணீரில் முகம் கழுவினார்.
மேற்கே இருட்டைப் பார்த்துக் கும்பிட்டார்.
சூரியனையா, சாதிக்கையா,
நான் கேட்கவில்லை.

லாரி திரும்பிய பிறகு
சிட்டையில் எழுதினேன்: புறப்பாடு ஆறு நாற்பது.
தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது.
பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு
"டயர்" என்று எழுதினேன்.